நிற்கத் தெரியாத கால்கள்

வழியில் நின்று மூச்சு வாங்குகிறவர்களைக் கண்டால் அர்த்தநாரிக்கு ஆகாது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அவர் வயதுக்காரர் யாராவது மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றினால், "ஏனுங்க, மேல இருந்து ஆள் அனுப்பட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போவார். கேட்பது மரியாதையாகத்தான் இருக்கும். கேட்கப்பட்டவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நடையுறைக்காரர்களிடம் அந்த மரியாதையும் கிடையாது. நடையுறை சந்தைக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பனியன் துணி போல ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஓடும் நூல்கள் மின்சாரத்தில் சுருங்கி விரியும். தசை செய்ய வேண்டிய வேலையை நூல் செய்யும், உள்ளே இருக்கிற கால் சும்மா கூடவே போகும். முதலில் பக்கவாதக்காரர்களுக்கென்று நெய்தார்கள். பிறகு மூட்டுவலிக்காரர்கள் வாங்கினார்கள், பிறகு மூட்டை தூக்குகிறவர்கள், கடைசியில் ஒரு நோயும் இல்லாதவர்கள். இப்போது முப்பது வயதுப் பையன் தெருமுனையில் டீ குடித்து வருவதற்கும் உறை மாட்டுகிறான். மாமியார் வீட்டு மாடிப்படியை உறையோடு ஏறி, "மாப்பிள்ளை எவ்வளவு சுறுசுறுப்பு" என்று பேர் வாங்குகிறான். வெட்கம் என்ற ஒன்றைத் தறியில் போட்டு நெய்ய முடிந்தால் இவர்களுக்கு ஆளுக்கொரு முழம் கொடுக்கலாம் என்பார் அர்த்தநாரி.

அவருக்கு இப்படிப் பேச உரிமை உண்டு. அவர்கள் கூட்டத்தில், அதாவது ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள் அத்தனை பேரிலும், முதல் குடம் அவர் வீட்டுடையது. பங்குனியில் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் முகந்து, வெறுங்காலோடு தார்ச்சாலை வழியே நடந்து, வெள்ளைக்காட்டுச் செல்லாண்டியம்மன் கோயிலுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். முன்னால் முதல் குடம் போகும். பின்னால் வருகிற எவரும் அதை முந்தக் கூடாது. அந்தக் குடம் வழியில் மண்ணைத் தொட்டால் உரிமை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். முதல் குடத்துக்காரன் நிற்கவும் கூடாது என்று அர்த்தநாரியின் அப்பா சொல்லிவைத்திருந்தார். அவர் நிற்காமல் நடந்தார். அர்த்தநாரியும் எழுபத்தோரு வயது வரை நிற்காமல்தான் நடந்தார்.

அடுத்த வீடு மாரப்பனுடையது. ஒன்றுவிட்ட தம்பி முறை. தலைமுறை தலைமுறையாக அந்த வீடு இரண்டாவது குடத்தைச் சுமந்துகொண்டு அர்த்தநாரி வீட்டாரின் முதுகைப் பார்த்தபடி நடந்து வருகிறது. அப்படி முதுகைப் பார்த்து நடக்கிறவன் மனசில் என்ன இருக்கும் என்று அர்த்தநாரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

குடம் எடுக்கிற பையன்கள் வேட்டிக்குள் உறை மாட்டி வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்தான் கோயில் மண்டபத்தில் எழுந்து நின்று பேசினார்.

"அம்மனுக்குத் தீர்த்தம் கொண்டுபோறது நாம. திருப்பூர் நூலு இல்லை. இனிமேல் குடம் எடுக்கறவன் எவனும் உறை மாட்டக் கூடாது. ஆத்துத் தண்ணியைக் கையில அள்ளி, என்ற சொந்தக் கால்ல வர்றேன்னு சத்தியம் பண்ணிப்போட்டுத்தான் குடத்தைத் தொடோணும்."

அறுபது பேர் தலையாட்டினார்கள். மாரப்பன் மட்டும் மெல்லக் கேட்டான்: "முடியாதவங்க என்னுங்கண்ணா பண்றது?"

"முடியாதவன் குடத்துக்கு ஆசைப்படக் கூடாது."

கை தட்டினார்கள். கை தட்டத் தெரிந்த கூட்டம் அது.

அந்த வருடம் ஐப்பசியில் அர்த்தநாரிக்கு வலது கெண்டைக்காலில் பிடித்தது. மண்டியிலிருந்து வங்கிக்குப் போகிற வழியில், ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி. நின்றார், கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. நடந்தார், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடியும் பிடித்தது. மறுநாளும் அப்படியே. நடந்தால் வரும், நின்றால் போகும். நிற்பதோ அவரால் ஆகாத காரியம்.

சும்மா நிற்கக் கூடாது, ஒரு காரணத்தோடு நிற்கலாம் அல்லவா? ஊர்ச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் இருந்தன. கால் பிடிக்கிற இடத்தில் எது ஒட்டியிருக்கிறதோ அதன் முன்னால் நின்று, செத்தவர் பேர், பிறந்த தேதி, வருந்தும் உறவினர் என்று ஒன்று விடாமல் படித்தார். டீக்கடைக்காரர் ஒருவர், "தெரிஞ்சவங்களுங்களா?" என்று கேட்டார். "மனுசனுக்கு மனுசன் தெரிஞ்சவன்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். யார் செத்தாலும் மண்டிக்கார அண்ணனுக்கு மனசு தாங்காது என்று ஊரில் பேர் வந்தது. கொடுக்கிற பேரை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

மனைவி கோகிலாவிடம் இந்த நாடகம் செல்லவில்லை.

"படுத்தா உங்க காலு என்ற மேல ஐஸ் கட்டியாட்டம் படுதுங்க. அதும் ஒத்தைக் காலு மட்டும். அது என்னன்னு போய்க் காட்டிட்டு வரலாம் வாங்க."

"வயசானா குளிரும்."

"இன்னொரு காலுக்கு வயசாகலீங்களா?"

இந்தக் கேள்விதான் அவரை டாக்டரிடம் கொண்டுபோய் விட்டது. ஊரில் ரத்தக்குழாய்க்கென்று படித்த டாக்டர் ஒருத்திதான். மாரப்பனின் மகள் பூங்கோதை. அவள் ஆஸ்பத்திரிக்குக் கொல்லைப்புற வாசல் வழியே போனார்.

அவள் கையில் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை கட்டி அழுத்தம் பார்த்தாள். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து வெகுநேரம் துடிப்பைத் தேடினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"பெரியப்பா, கையில இருக்கற அழுத்தத்துல பாதிகூட இந்தக் கணுக்கால்ல இல்லீங்க. தொடையில ரத்தக்குழா அடைச்சிருக்குது. உப்புத்தண்ணிப் பைப்பு உள்ளார சுண்ணாம்பு கட்டுமே, அந்த மாதிரி. உக்காந்திருந்தா இருக்கற ரத்தம் போதும். நடந்தா கெண்டைக்கால் இன்னும் கேக்கும். குடுக்க ஆள் இல்லீன்னா அது கத்தும். அந்தக் கத்தல்தானுங்க வலி."

"ஒரு காலு போனா இன்னொண்ணு இருக்குது."

"காலோட நிக்காதுங்க. கால்ல அடைச்ச மனுசனுக்கு நெஞ்சுலயும் மூளைக்குப் போற குழாயிலயும் அதே சுண்ணாம்பு இருக்கும். கால் இன்னிக்குச் சொல்லுது. அதுங்க சொல்லாமச் செய்யும். சிகரெட்டை இன்னிக்கே விட்டுப்போடோணும். சக்கரைக்கும் கொழுப்புக்கும் மாத்திரை தர்றேன், தவறாம சாப்புடோணும். எல்லாத்தையும் விட முக்கியம், தினமும் நடக்கோணும்."

"நடக்கறதுக்கு எனக்கு டாக்டர் சொல்லித் தரோணுமா அம்மிணி?"

"நிக்கறதுக்குச் சொல்லித் தரோணுங்க. வலி வர்ற வரைக்கும் நடங்க. வந்ததும் நில்லுங்க. விட்டதும் மறுபடி நடங்க. இப்படியே முக்கா மணி நேரம். கால் கேக்கக் கேக்க, பக்கத்துல இருக்கற சின்னச் சின்னக் குழாயெல்லாம் பெருத்து ரத்தத்துக்குப் புது வழி போட்டுக்கும். அதனாலதான் உறை மட்டும் மாட்டிடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் தலைப்பாடா அடிச்சுக்கறேன். நூல் வேலை செஞ்சா தசை ரத்தம் கேக்காது. கேக்காட்டி வலியும் வராது, வழியும் பொறக்காது. முன்னெல்லாம் கால் வலிக்குதுன்னு நடந்து வருவாங்க. இப்ப விரல் கறுத்து நாத்தம் வந்தப்புறந்தான் தூக்கிட்டு வர்றாங்க."

அர்த்தநாரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஆக, நான் நடுவழியில நிக்கோணும்."

"ஆமாங்க பெரியப்பா."

"தெருவுல, எல்லாரும் பாக்க."

"அதுல என்னுங்க இருக்குது?"

அதில் என்ன இருக்கிறது என்று அவர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். முதல் குடத்துக்காரனை நிற்கச் சொல்கிறாள் இரண்டாம் குடத்துக்காரன் மகள். மருந்துக் கடையில் விற்காத மருந்து! மாரப்பன் மூன்று தலைமுறையாகக் காத்திருந்தது இதற்குத்தான். மகளைப் படிக்க வைத்ததும் இதற்குத்தானோ என்னவோ. ரத்தம், குழாய், சுண்ணாம்பு எல்லாம் சரி. அதன் கடைசியில் வந்து உட்கார்ந்திருக்கும் அந்த "நில்லுங்க" என்ற சொல் மாரப்பன் வீட்டுச் சொல். உலகத்தில் வேறெந்தச் சாதி சனத்துக்கும் தோன்றாத இந்த யோசனை பங்காளிக்குப் பங்காளி மட்டும் சரியாகத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. மாத்திரையைச் சாக்கடையில் போட்டார். சிகரெட்டைப் பற்றவைத்தார்.

மகன் நிதிலன் ஒரு வாரம் கழித்துப் பொட்டலத்தோடு வந்தான்.

"அப்பா, கோவப்படாமக் கேளுங்க. புதுசா வந்திருக்கற உறை. தோல் நிறத்துலயே இருக்குது. வேட்டிக்குள்ளார மாட்டினா அம்மாவுக்கே தெரியாது."

"எடுத்துட்டு வெளிய போடா."

"மண்டபத்துல அத்தனை பேர் முன்னால பேசிப்போட்டு, பங்குனியில நடுரோட்டுல நின்னீங்கன்னா மாரப்பன் சித்தப்பா சிரிப்பாரா மாட்டாரா?"

மகனை அறைந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர் பொட்டலத்தை அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். அங்கே வைத்த பொருள் எத்தனை நாள் அங்கேயே இருக்கும்?

மாட்டிய முதல் நாள், மண்டியிலிருந்து வங்கிக்கும் வங்கியிலிருந்து மண்டிக்கும் ஒரே மூச்சில் நடந்தார். வலி இல்லை. கால் எங்கோ யாருக்கோ சொந்தமானது போல் முன்னால் போயிற்று, அவர் அதன் மேல் உட்கார்ந்து சவாரி போனார். படியில் நின்றவர்களைப் பார்த்து "ஆள் அனுப்பட்டுங்களா?" என்று முன்பைவிடச் சத்தமாகக் கேட்டார். உறை மாட்டியவர்களை முன்பைவிடக் கேவலமாகத் திட்டினார். தான் செய்கிற காரியத்தை அடுத்தவன் செய்தால் கேவலம் என்று நினைக்க மனிதனுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நாற்காலியும் நாலு பேர் கும்பிடும் இருந்தால் போதும்.

பூங்கோதை இரண்டு முறை தன் ஆஸ்பத்திரி நர்ஸை அனுப்பினாள். "வேவு பாக்க வந்தியா?" என்று கேட்டு அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார்.

மாசி மாதம் சுண்டுவிரலை ஒட்டி ஒரு கீறல் பட்டது. எங்கே பட்டது என்று தெரியவில்லை, வலித்தால்தானே தெரியும். மஞ்சள் வியாபாரி வீட்டில் புண்ணுக்குக் குறை இருக்கலாம், மஞ்சளுக்குக் குறை இல்லை. நல்ல விரலி மஞ்சளை இழைத்துப் பூசினார். ஆறவில்லை. இன்னும் கெட்டியாகப் பூசினார். ரத்தம் வந்து சேராத இடத்தில் மஞ்சள் என்ன செய்யும்? விரல் ஊதாவாகி, பிறகு கறுத்தது. கோகிலா மூக்கைச் சுருக்கினாள்.

"என்னமோ செத்த வாடை அடிக்குதுங்க."

"எலியா இருக்கும்."

"எலி மஞ்சள் பூசிக்குதுங்களா?"

"பங்குனி முடியட்டும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் வர்றேன்."

அந்த வீட்டில் முதல் குடத்துக்கு முன்னால் மேற்கொண்டு பேசிய பெண் யாரும் கிடையாது.

கொடுமுடியில் விடிகாலை ஆற்றில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். முதல் ஆளாக அர்த்தநாரி நீரை அள்ளினார். "என்ற சொந்தக் கால்ல வர்றேன்" என்றார். பொய் சொன்னார். அதற்கு நயமான வேறு பெயர் தேட வேண்டாம். அவருக்குப் பின்னால் மாரப்பன் சொன்னான், நிதிலன் சொன்னான், மற்ற எல்லோரும் வரிசையாகச் சொன்னார்கள். குடங்கள் தோளேறின.

மேளக்காரர்கள் வண்டியில் முன்னால் போய்விட்டார்கள். ஊரைத் தாண்டியபின் சாலை அமைதியானது. வெயில் ஏறியது. வழியில் மோர் கொடுத்தார்கள், அர்த்தநாரி கையை அசைத்து மறுத்துவிட்டு நடந்தார். அப்பா இப்படித்தான் மறுப்பார்.

வாய்க்கால் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. அறுபது பேர் வெறுங்காலில் நடந்தால், கடலைக்காயை முறத்தில் கொட்டுகிற மாதிரி முன்னும் பின்னுமாகச் சத்தம் வர வேண்டும். வந்தது ஒரே அடி. தப். தப். தப். அந்தச் சீரான சத்தத்துக்கு நடுவே ஒரே ஒரு ஆள் மட்டும் தாளம் தப்பி, இழுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வந்தான்.

அர்த்தநாரி நடையைக் கொஞ்சம் தளர்த்தினார். பின்னால் சத்தம் தளர்ந்தது. எட்டிப் போட்டார், சத்தம் எட்டிப் போட்டது.

அவர் நின்றார்.

அறுபது பேரும் நின்றார்கள். நின்றார்கள் என்றால், இடுப்புக்குக் கீழே நின்றார்கள். ஒரு காலைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். மேல் உடம்புகள் அந்த வேகத்தில் முன்னால் சாய, குடத்துத் தண்ணீர் முன்னால் இருந்தவன் முதுகில் கொட்டியது. "அய்யோ", "பிடிடா", "அரோகரா" என்று எல்லாம் கலந்து கேட்டது. தாளம் தப்பியவன் மட்டும் இரண்டு அடி கூட வைத்து, அர்த்தநாரியின் முதுகில் இடிக்காமல் பக்கத்தில் வந்து நின்றான். மாரப்பன்.

வரிசையின் நடுவிலிருந்து நிதிலன் கத்தினான்: "அப்பா, ஒரு அடி எடுத்து வைங்க! நீங்க நடந்தாத்தான் நாங்க நடக்க முடியும்!"

"என்னடா சொல்றே?"

"சேர்நடையில போட்டிருக்குதுங்கப்பா. முதல் குடத்தை முந்தக் கூடாது பாருங்க, அதனால எல்லார் உறையையும் உங்க உறையோட கட்டியிருக்குது. நீங்க போற வேகத்துக்கு எல்லாமே போகும். கொஞ்சம் நடங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க!"

"நான் உறை மாட்டியிருக்கறது எல்லார்த்துக்கும் தெரியுமா?"

ஒற்றைக் காலில் நின்றிருந்த ஒருவன், "தெரியாமக் கட்ட முடியுங்களா பெரியப்பா?" என்றான். அவன் குரலில் பரிகாசம்கூட இல்லை. கால் கடுக்கிறது என்ற அலுப்புத்தான் இருந்தது.

அறுபது பேர் ஆற்றில் நின்று அம்மன் பேரில் பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் மற்றவன் பொய் தெரியும். தலைவனின் பொய் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் தலைவர் ஒருவர்தான். மானம் என்று அவர் மூடிவைத்தது ஊருக்கே பொதுக் கொட்டகையாக இருந்திருக்கிறது.

அர்த்தநாரி மாரப்பனைப் பார்த்தார். அவன் வேட்டி கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. உறை இல்லாத, புழுதி படிந்த வெறுங்கால்.

"நீ போ மாரப்பா. நான் நின்னுட்டேன். முதல் குடம் இனி உன் வீட்டுது."

"குடம் உங்க தோள்லதானுங்கண்ணா இருக்குது."

"நின்னா உரிமை போச்சு."

"மண்ணுல எறக்கினாத்தான் போச்சு. நிக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னது?"

"எங்கப்பன் சொன்னாரு."

மாரப்பன் மூச்சை இழுத்து விட்டான். "எங்கப்பன் ரெண்டாங் குடத்தோட வழியில நாலு எடத்துல நிப்பாரு. பூசாரியைக் கேளுங்க, ஒருத்தரும் ஒண்ணுஞ் சொன்னதில்லை. உங்கப்பன் அதைப் பாக்கலை. பின்னால திரும்பிப் பாத்தாக் கேவலம்னு இருந்துட்டாரு. திரும்பியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"இத்தனை வருசமா நீ ஏண்டா சொல்லலை?"

"உங்ககிட்டயா?" என்றான் மாரப்பன்.

அதற்குமேல் அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"உனக்கும் காலு இழுக்குது" என்றார் அர்த்தநாரி.

"உங்களுக்கு இருக்கற அதே அடைப்புத்தானுங்க. ரெண்டு வருசமாச்சு. பூங்கோதை என்னை நிறுத்தி நிறுத்தித்தான் நடக்க வெச்சா. மொதல்ல தெருமுனை வரைக்கும் போக முடியலை. இப்ப பாலம் வரைக்கும் வந்துட்டேன். உங்களுக்கும் அதையேதான் சொன்னேன்னு எங்கிட்டச் சொன்னா. நீங்க கேக்கலைன்னு அழுதா."

அர்த்தநாரி தன் குடத்தை நீட்டினார். மாரப்பன் அதை மற்றொரு தோளில் வாங்கினான். இரண்டு தோளிலும் இரண்டு குடம். அவனுடைய வீடு மூன்று தலைமுறையாக விரும்பியதாக அர்த்தநாரி நினைத்த பொருள் அவன் தோளில் இருந்தது. அவன் ஓரடி முன்னால் வைக்கவில்லை. அர்த்தநாரி சாலையோரப் புளியமரத்துக்குப் பின்னால் போய் உறையை உரித்துப் போட்டார். முதல் உறை கழன்றதும், விபத்து நேராமல் இருக்க மற்ற உறைகள் எல்லாம் நின்ற நிலையிலேயே இறுகிக்கொண்டன. சாலை நெடுக அறுபது பேர் நட்ட கல்லாக நின்றார்கள்.

"அப்பா, எங்களை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மாட்டத் தெரிஞ்சவனுக்குக் கழட்டத் தெரியாதா? கழட்டிப் போட்டு நடந்து வாங்க. கோயில் எங்கயும் ஓடிப் போகாது."

கழற்றி நடந்தவர்கள் நாலு பேர். மற்றவர்கள் குடத்தை மண்ணில் வைத்துவிட்டு வேன் பிடித்தார்கள்.

இரண்டு கிழவர்களும் பாலத்தைத் தாண்டினார்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்த அர்த்தநாரியின் கெண்டைக்கால் பத்து எட்டு வைப்பதற்குள் கத்தியது. நின்றார். மாரப்பனும் நின்றான். விட்டதும் நடந்தார்கள். மதியத்துக்குள் சேர வேண்டிய தீர்த்தம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கோயில் வாசலுக்கு வந்தது. அர்த்தநாரி ஏறி வந்த படிகளில் கறுத்த ஈரம் ஒட்டியிருந்தது. பூசாரி அதைப் பார்த்துவிட்டுக் குடங்களை வாங்கினார்.

இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் பூங்கோதை சொன்னதையும் கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் அவள் கட்டிலருகே வந்து நின்றாள். இரண்டு விரலும் பாதத்தின் ஓரமும் போயிருந்தன. இன்னொரு காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போட்டிருந்தாள். நெஞ்சிலும் ஓர் அடைப்பு அகப்பட்டிருந்தது.

"அந்தக் கடைசி நடை உங்க காலைக் காப்பாத்தினதா நெனச்சுக்காதீங்க பெரியப்பா. புண்ணோட தார்ரோட்டுல நடந்து இன்னொரு விரலைத் தொலைச்சீங்க. ஐப்பசியில நின்னிருக்க வேண்டிய ஆளு பங்குனியில நின்னீங்க."

"நான் காலுக்காக நடக்கலை அம்மிணி."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் திட்டறேன்."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, "உங்கப்பன்தான் உன்னை ஏவி விட்டான்னு நெனச்சேன்" என்றார்.

"அதுவும் தெரியுமுங்க." அவள் கட்டைச் சரிபார்த்தாள். "நம்ம கூட்டத்து ஆளுங்க கொஞ்சம் பேர் பயந்துபோய் வந்து காலைக் காட்டினாங்க. மூணுல ஒருத்தருக்கு அடைப்பு. ஒருத்தருக்கும் ஒரு வலியும் இல்லை. நெஞ்சைப் பத்தியும் மூளையைப் பத்தியும் எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு எல்லாருமே ஒரே கேள்விதான் கேட்டாங்க. மறுபடி எப்ப உறை மாட்டலாம்னு."

"நிதிலன்?"

"அண்ணனும் கேட்டாரு."

ஆடியில் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. அர்த்தநாரி ஊன்றுகோலோடு போய் உட்கார்ந்தார். சத்தியம் இனி தேவையில்லை என்று முடிவானது. விருந்துக்கு வந்தவர்கள் போன முறை சாயங்காலம் வரை இலை போடாமல் காத்திருந்தார்களாம். அதனால் முதல் குடம் உச்சிவேளைக்குள் வந்தாக வேண்டும், வழியில் நிற்கவே கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இத்தனை காலம் இல்லாத ஒரு வழக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது. அதற்கும் கை தட்டினார்கள். அர்த்தநாரியின் உரிமை போயிற்று. அடுத்த வீட்டுக்காரன் என்று மாரப்பனைக் கேட்டார்கள். "நான் நிப்பேனுங்க" என்று சொல்லிவிட்டு அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அதற்குப் பின் மற்ற வீடுகள் முதல் குடத்துக்கு அடித்துக்கொண்டன. சட்டை கிழிந்தது.

அடுத்த பங்குனியில் நிதிலன் கோயிலிலிருந்து திருநீறும் பொங்கலும் கொண்டு வந்தான். அர்த்தநாரி வெட்டுப்பட்ட பாதத்துக்கென்று தைத்த செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மாரப்பன் அவரைக் கூட்டிப் போக வாசலில் நின்றிருந்தான்.

"கடைசியில முதல் குடம் யாருடா எடுத்தது?"

நிதிலன் தயங்கினான். "யாருக்குன்னு முடிவே ஆகலீங்கப்பா. வெட்டுக்குத்து வரைக்கும் போயிருச்சு. அதனால உறைக் கம்பெனிக்காரங்களே வந்து ஒரு சமாதானம் பண்ணி வெச்சாங்க. ஆளில்லாத உறை ஒண்ணு. இடுப்புக்கு மேல குடம் வெக்கற மாதிரி வளையம். அது முன்னால போச்சு, நாங்க பின்னால போனோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை."

"வெறும் உறை?"

"ஆமாங்கப்பா."

"பரிவட்டம் கட்டுவாங்களே, தலையில. அதுக்குத் தலை?"

"குடத்தோட கழுத்துல கட்டினாங்க. எல்லாரும் விழுந்து கும்பிட்டோம்."

மாரப்பன் வாசலில் இருமுவதுபோல் எதையோ மறைத்தான். அர்த்தநாரி செருப்பு வாரை இழுத்துக் கட்டினார்.

"வழியில எங்காச்சும் நின்னுச்சா?"

"ஒரு எடத்துலகூட நிக்கலீங்கப்பா!" நிதிலன் குரலில் பெருமை இருந்தது.

"அது எப்படி நிக்கும்? அதுக்கு வலிக்கவா போகுது?"

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். மாரப்பன் கூட நடந்தான். தெருமுனைக்குப் போகுமுன்பே கெண்டைக்கால் பிடித்தது. அர்த்தநாரி நடுத்தெருவில், மண்டிக்குப் போகிற ஆட்கள் எல்லாம் பார்க்க, நின்றார்.